காத்திருக்கும் கை

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியில் புதிய ஆய்வுக்கூடம் திறந்தார்கள். ஓய்வு பெற்றவர்களில் யார் கையையும் பிடிக்காமல் படியேறக்கூடியவள் என்ற தகுதியில் என்னையும் அழைத்திருந்தார்கள். சுற்றிக் காட்டிய பெண் கல்லூரியை விட்டு இப்போதுதான் வந்தவள் போலிருந்தாள். ஒரு பெரிய கண்ணாடிக் கலத்தின் முன்னால் என்னை நிறுத்தினாள். மேலே இருந்த சின்ன பம்பு, திரவத்தைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. சூடு அளவுக்கு மீறினால் அதுவே நின்றுவிடுமாம்.

"அப்பல்லாம் இதை எப்படி மேடம் பண்ணீங்க?"

"கையால."

"பயமா இருக்காதா?"

"பயமாத்தான் இருக்கும். பயப்படறதுக்குத்தான் என்னை வேலைக்கே எடுத்தாங்க."

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதை அங்கே நின்றபடி விளக்க முடியாது என்பதால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. ராயபுரத்தில் எங்கள் வீட்டில் கடைசியாக ஸ்டவ்வை அணைப்பது யாராக இருந்தாலும், அணைந்ததா என்று போய்ப் பார்ப்பது நான்தான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பேன். என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். "இன்னாமா பிலோமினா, பூட்டு இன்னா ஓடியா பூடும்?" என்று கேட்பார். ஓடாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் பார்த்தால்தான் நிம்மதி. இப்படிப்பட்டவள் ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. படித்தது எப்படி என்றால், அளந்து செய்கிற வேலை எதுவானாலும் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். படிப்பு முடிந்ததும் எல்லோரும் டீச்சர் வேலைக்குப் போகச் சொன்னார்கள். நான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனிக்கு மனுப் போட்டேன். ஐம்பதுகளின் தொடக்கம் அது.

நேர்முகத்தில் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் டாக்டர் கோதண்டராமன், தண்ணீர் நிரப்பிய ஒரு பியூரெட்டின் முன்னால் என்னை உட்கார வைத்தார். பியூரெட் என்பது அளவு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய். அடியில் கண்ணாடித் திருகு ஒன்று இருக்கும்.

"ஒரு மூச்சுக்கு ஒரு சொட்டு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

விட்டேன். கை மரத்துப் போனது. ஒருவழியாகப் போதும் என்றார். திருகை மூடினேன், மூடியதா என்று பார்த்தேன், எழுந்து கதவு வரை போனேன், திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டே, "திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார். என் வாழ்க்கையில் இந்தக் குணத்துக்காக என்னை யாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார். எங்கள் அட்டெண்டர் காதர் பாய்க்கு அது கடைசி வரை கூச்சமாகவே இருந்தது. டாக்டருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இறங்கி இறங்கி, அவர் திட்டுவதைக் கேட்கவே நாம் குனிந்து காது கொடுக்க வேண்டியிருக்கும். யாராவது குடுவையைச் சரியாகக் கழுவாமல் வைத்திருந்தால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவரே கழுவி, துடைத்து, அவர்கள் மேசையில் கொண்டுபோய் வைப்பார். அதற்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

எங்களுக்கு அடிக்கடி வந்த வேலை ஒன்று உண்டு. பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு வெள்ளைக்காரர் பெயர் இருக்கிறது. நாங்கள் 'மக்னீசியம்' என்றுதான் சொல்வோம். குடுவையில் மக்னீசியச் சீவலைப் போட்டு அது மூழ்கும் அளவுக்கு ஈதர் ஊற்ற வேண்டும். குடுவையின் ஒரு வாயில், அடியில் திருகுள்ள ஒரு சொட்டுப் புனல், அதில் புரோமைடுத் திரவம். இன்னொரு வாயில் செங்குத்தாக ஒரு கண்டென்சர், அதாவது மேலே கிளம்புகிற ஈதர் ஆவியைக் குளிரவைத்துத் திரும்பக் குடுவைக்கே இறக்கும் குழாய். புனலைத் திறந்து முதலில் கொஞ்சமே கொஞ்சம் புரோமைடை விடுவோம். பிறகு காத்திருப்போம்.

அந்தக் காத்திருப்புதான் வேலையே. மக்னீசியம் உடனே வினைபுரியாது. ஏன் என்று கேட்டால் ஆயிரம் காரணம். கண்ணாடியில் துளி ஈரம் இருந்தால் போதும், முரண்டு பிடிக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாலைதான். மதியம் கடல்காற்று எழுந்துவிட்டால் காற்றிலேயே ஈரம் பிசுபிசுக்கும். அதனால் மக்னீசியம் வைக்கிற நாளில் கிழக்குப் பக்க ஜன்னல்களைச் சாத்தி, கண்ணாடிகளைத் தீயில் வாட்டி, அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டு, காலையிலேயே தொடங்குவோம். அப்படியும் சில நாள் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். பொறுமை இல்லாதவன் இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்ப்போமே என்று திருகைத் திறப்பான். அதுதான் ஆபத்து. வினை தொடங்காமல் சேர்ந்துகொண்டே போகிற புரோமைடு, தொடங்கும்போது மொத்தமும் ஒன்றாக வினைபுரியும். சூட்டில் ஈதர் பொங்கும், ஆவி அறையை நிரப்பும், எங்கோ ஒரு பொறி போதும். வேறொரு கம்பெனியில் இப்படி ஒரு கூரையே போனதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். கூரைக்கு அடியில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆகையால் டாக்டர் இரண்டு விதி வைத்திருந்தார். தொடங்கும் வரை இன்னொரு சொட்டு விடக்கூடாது. இது எல்லா இடத்திலும் உள்ளது. இரண்டாவது அவருடைய சொந்த விதி: தொட்ட கை விடக்கூடாது. திருகில் தடவிய பசையை ஈதர் கரைத்துவிடும், விட்டால் திருகு தானாக வழுக்கும். அதனால் முதல் சொட்டு விட்டவர் கடைசிச் சொட்டு வரை விரலை எடுக்கக் கூடாது, நடுவில் ஆள் மாறக் கூடாது. உள்ளே எவ்வளவு போயிருக்கிறது, குடுவை எப்படி நடந்துகொள்கிறது என்பது அந்த ஒரு கைக்குத்தான் தெரியும் என்பார். வலது கை திருகில், இடது கை குடுவையின் வயிற்றில். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கே பயம் கொஞ்சம் குறையும்.

பெரிய குடுவை என்றால் ஐஸ் வேண்டும். வினை தொடங்கிய பிறகு கட்டுக்கடங்காமல் போனால் அடியில் ஒரு தொட்டி ஐஸ் வைத்துக் குளிர்விக்க வேண்டும். முன்கூட்டியே வைத்தாலும் தப்பு, தொடங்குவதையே தள்ளிப்போட்டுவிடும். ஐஸ் பக்கத்திலேயே இருக்க வேண்டும், குடுவையைத் தொடக்கூடாது. மீனுக்கு ஐஸ் போடும் ஒரு ஐஸ் ஆலையிலிருந்துதான் எங்களுக்கும் வரும். எங்கள் மருந்துகளில் பாதி மீன் வாடையில் பிறந்தவை.

நான் சேர்ந்து சில வருடங்கள் ஆனபின், டாக்டர் ஒரு புது மருந்தைச் செய்யலாம் என்று கம்பெனியிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினார். நடுக்குவாதத்துக்கான மருந்து. வெளிநாட்டில் அப்போதுதான் வந்திருந்தது. இங்கே கிடைக்காது. அதற்கு வேண்டிய ஒரு பொருளை இறக்குமதி செய்ய அனுமதி கிடைக்கவில்லை. மிளகிலிருந்தே அதை எடுக்கலாம் என்றார் டாக்டர். மூட்டை மூட்டையாக மிளகு வந்து இறங்கியது. அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து, காரத்தோடு கொதிக்கவைத்தோம். ஒரு பருவம் முழுக்க நாங்கள் தும்மிக்கொண்டே இருந்தோம். "இன்னா மிஸ், ரசம் வெக்கிற கம்பெனில சேந்த மாதிரி கீதே" என்பார் காதர் பாய். இதில் நாள் ஓடிவிட்டது. குளிர்ச்சியான தை மாதத்தில் வைத்திருக்க வேண்டிய மக்னீசியம் சித்திரை வெயிலுக்கு வந்து நின்றது.

அந்த மிளகுக் காலத்தில்தான் கவனித்தேன். டாக்டர் பேப்பர் படிக்கும்போது பேப்பர் ஆடியது. மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன். விசிறி ஓடவில்லை. பிறகு பார்த்தால், உட்கார்ந்திருக்கும்போது வலது கையைச் சட்டைப் பைக்குள்ளோ மேசைக்கு அடியிலோ வைத்துக்கொள்கிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஒன்றை ஒன்று தேய்த்தபடி இருந்தன.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலேயே ஒருநாள் காதர் பாய் என்னிடம் வந்தார்.

"மிஸ், டாக்டருக்கு இன்னா ஆச்சு? கையி ஆடிகினே கீது."

"வயசாகுதில்ல, பாய்."

"வயசா? என்ன வுட சின்னவரு மிஸ் அவரு. எனக்கு பேஜாரா கீது. அந்த ஈதர் ரூம்ல நாமளுந்தானே நிக்கிறோம்."

எனக்கும் அதே கவலைதான். அதோடு வேறொன்றும். சில மாதங்களுக்கு முன்னால் கம்பெனியில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. ஈதர் பக்கம் வேலை செய்பவர். மேனேஜர் மறுநாளே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மேனேஜரைக் குறை சொல்லவும் முடியாது, பயம் அவருக்கும் உண்டு. டாக்டர் கை ஆடுவது தெரிந்தால் அவருக்கும் அதே கதிதான். ஆய்வுக்கூடத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர். சொன்னால் அவர் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் மூன்று பேர் உயிர் போகலாம். பல நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் மறைக்கவில்லை. கையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அது ஆடியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நடுக்குவாதம்தான். பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டார். நம்ம பண்ற மருந்து கிடைச்சா குடுத்துப் பாக்கலாம்னார்."

"பெரிய மக்னீசியத்தை நான் பிடிக்கட்டுமா டாக்டர்?"

"மேனேஜர் அன்னைக்குப் பாக்க வரேன்னிருக்கார். என்னைக்கும் நான்தான் பிடிப்பேன்னு அவருக்குத் தெரியும். ஏன் மாத்தினீங்கன்னு கேப்பார்." கொஞ்சம் யோசித்தார். "நான் சொல்றதை நம்ப வேண்டாம். நீங்க பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

பியூரெட்டில் தண்ணீர் நிரப்பி உட்கார்ந்தார். விரல் திருகைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. சொட்டு விழ ஆரம்பித்தது. ஒன்றுபோல, ஒரே இடைவெளியில், என்னால் முடியாத சீராக. நான் மூச்சை வைத்து எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. இப்படித்தான் இந்த நோய், வேலை செய்யும்போது கை சொன்னபடி கேட்கும் என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சரி டாக்டர், நீங்களே பிடியுங்கள் என்றேன். நாங்கள் இருவரும் சோதனை செய்தே பிழைப்பவர்கள். ஒரு சோதனை செய்தோம், முடிவு வந்தது, நம்பினோம்.

அந்த நாள் வந்தது. ஜன்னல்களைச் சாத்தியாயிற்று, கண்ணாடிகளை வாட்டியாயிற்று. ஐஸ் மட்டும் வரவில்லை. காசிமேட்டில் அன்று மீன் அள்ளிக் கொட்டியிருக்கிறது, ஆலையின் ஐஸ் முழுக்க அங்கே போய்விட்டது. காதர் பாய் கைவண்டியோடு கிளம்பினார். மேனேஜர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் கடல்காற்று வந்துவிடும்.

"முதல் பங்கை விட்டுடலாம். அது தொடங்கறதுக்குள்ள ஐஸ் வந்துடும்" என்றார் டாக்டர்.

விட்டார். சீராக, அழகாக விட்டு, திருகை மூடினார். விரல்கள் திருகிலேயே இருந்தன. இடது கை குடுவையில். தொடங்கிவிட்டால் திரவம் கலங்கிச் சாம்பல் நிறமாகும், ஈதர் தானாகக் கொதிக்கும். எதுவும் நடக்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம்.

மேனேஜர் ஏதோ கேட்க வாயெடுத்தார். டாக்டர் தலையை அசைத்ததும் அடங்கிவிட்டார். எல்லோருடைய கண்ணும் குடுவையின் மேல். பழக்கத்தில் நான் மட்டும் திருகைப் பார்த்தேன், மூடியிருக்கிறதா என்று.

விரல்கள் உருட்டிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை செய்யும் கையைத்தான் நாங்கள் சோதித்தோம். வேலை இல்லாமல் காத்திருக்கும் கையைச் சோதிக்கவில்லை. சும்மா இருக்கும்போதுதானே அது ஆடும். மக்னீசியத்தில் கைக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை, திருகைப் பிடித்தபடி சும்மா இருப்பதுதான் வேலை. பசை கரைந்த திருகு அந்த நடுக்கத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. புனலிலிருந்து புரோமைடு மெல்லிய நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய பாதி போயிருந்தது.

"டாக்டர், திருகு" என்றேன்.

அவர் பார்த்தார். மூடினார். புனலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. தொடங்காத குடுவைக்குள் பாதிப் புனல். வெளியே எடுக்க வழி கிடையாது. ஈதர் நிறைந்த அந்தக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் முடியாது. குலுங்கினால் அந்த நிமிடமே தொடங்கலாம். ஐஸ் இல்லை. மேனேஜர் இன்னும் கைகட்டி நின்றுகொண்டிருக்கிறார். பக்கத்துக் கட்டடத்தில் பாய்லர் எரிகிறது. ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும், கதவிடுக்கு வழியாக நெருப்பைத் தேடிப் போகும்.

எனக்குப் பயம்தான். ஆனால் ஒன்று சொல்வேன். எப்போதும் எதையாவது நினைத்துப் பயந்துகொண்டே இருப்பவளுக்கு, பயந்தது நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் மனப்பாடமாக இருக்கும்.

"சார்" என்றேன் மேனேஜரிடம், "பாய்லர் நெருப்பை உடனே அணைக்கச் சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்க போனாத்தான் ஆகும். யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். நான் ஜன்னல்களைத் திறந்தேன். இனி ஈரமாவது, ஒன்றாவது. திரும்பி வந்தபோது டாக்டர் இரண்டு கையாலும் திருகை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது இரண்டுமே ஆடின.

"பிலோமினா, வெளியே போ" என்றார். என்னை 'நீ' என்று அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"நீங்க கையை எடுங்க டாக்டர்."

"தொட்ட கை..."

"தெரியும். எடுங்க."

அவர் எடுக்கவில்லை. நான் என் விரல்களை அவர் விரல்களுக்கு மேல் வைத்து, அவை ஒவ்வொன்றாக விலக விலக, திருகை என் பிடிக்குள் வாங்கிக்கொண்டேன். அவர் கை ஈரமாக இருந்தது, ஜில்லென்று இருந்தது. அவர் இடது கையைத் திரும்பக் குடுவையின் மேல் வைத்துக்கொண்டார். ஐஸ் வந்ததும் தொட்டியை அடியில் நகர்த்த ஆள் வேண்டுமே என்று அங்கேயே நின்றார். கண்டென்சருக்குத் தண்ணீர் முழுக்கத் திறந்துவிட்டோம். அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மாதாவிடம் ஜெபம் செய்ய நினைத்தேன், பாதியிலேயே வார்த்தை மறந்துபோனது.

வாசலில் கைவண்டிச் சத்தம் கேட்டது. காதர் பாய் இரண்டு கோணிப்பைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். 

"ஆலையில சுத்தமா இல்ல மிஸ். மீன்காரம்மாங்க கூடையாண்ட போய் கெஞ்சி வாங்கிகினு வந்தேன். ரெண்டு பேரு வஞ்சிரம் வெயில்ல குந்திகினு கீது. சாயந்தரம் நான் அந்தப் பக்கம் போனா அடிதான்." பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தார். "இன்னா ஆச்சு?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் டாக்டர், "சூடு" என்றார். அவர் இடது கை இன்னும் குடுவையின் மேல் இருந்தது. "சூடாகுது."

சீவலைச் சுற்றித் திரவத்தில் புகைபோல ஒன்று தெரிந்தது. கலங்கியது. உடனே மொத்தமும் சாம்பலாகி, கொதிக்கத் தொடங்கியது. டாக்டரும் காதர் பாயும் தொட்டியைக் குடுவையின் அடியில் நகர்த்தி ஐஸைக் கொட்டினார்கள். மீன் செதிலோடு ஐஸ். ஈதர் கண்டென்சருக்குள் ஏறியது. ஆவி திரும்பத் திரவமாகும் இடத்தில் கண்ணாடியில் ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் மேலே மேலே போனது. உச்சியைத் தாண்டிவிட்டால் ஈதர் அறைக்குள் வந்துவிடும். இனிப்பான அந்த வாடை வரத் தொடங்கிவிட்டது. காதர் பாய் ஐஸை அள்ளிக் குடுவையின் தோளில் வைத்து அழுத்தினார். "இன்னும் போடுங்க, இன்னும்" என்றார் டாக்டர், காதில் விழாத அளவுக்குச் சன்னமாக. அவர் குரல் இறங்கினால் கோபம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வளையம் உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. நின்று, துடித்தது. பிறகு இறங்கியது.

மேனேஜர் திரும்பி வந்தபோது குடுவை அமைதியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நான் மீதிப் புரோமைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். தரையெல்லாம் மீன் தண்ணீர். அவருடைய கண் என் கையில் வந்து நின்றது. அந்த விதி அவருக்கும் தெரியும்.

"டாக்டர்தானே ஆரம்பிச்சார்?"

"மிஸ்தான் சார் முதல்லேர்ந்து புட்ச்சிகினு இருந்தாங்கோ" என்றார் காதர் பாய். கண்ணை இமைக்காமல் சொன்னார். டாக்டர் பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் தப்பித்துவிடும்.

"இல்லை" என்றார் டாக்டர். "திறந்தது நான். என் கை நடுங்கும். எனக்கு நடுக்குவாதம் இருக்கு. திருகு திறந்து பாதிப் புனல் போயிடுச்சு. இவங்க ரெண்டு பேரும் இல்லேன்னா நீங்க இப்ப இங்க நிக்க இடம் இருந்திருக்காது." கையைப் பையிலிருந்து எடுத்து நீட்டிக் காட்டினார்.

பிறகு, ஏன் சொன்னீர்கள் என்று டாக்டரிடம் அழுதுகொண்டே கேட்டேன். "குடுவைக்குள்ள எவ்வளவு போச்சு, எப்படிப் போச்சுங்கறதுல பொய் சொல்லக்கூடாதும்மா. அடுத்து நிக்கறவங்க செத்துருவாங்க" என்றார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. வேலையில் இருக்கலாம், ஈதர் அறைக்குள் மட்டும் போகக்கூடாது என்றார். டாக்டர் இரண்டு வாரம் வெளி அறையில் உட்கார்ந்தார். நாங்கள் உள்ளே போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவரை வழியனுப்ப நான் வாசலுக்குப் போகவில்லை, போக முடியவில்லை. அன்று குடுவையில் மிளகிலிருந்து வந்த பொருளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். தொட்ட கை விடக்கூடாது.

மருந்து வந்தது. வெள்ளைத் தூளாக, சுத்தமாக வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பரிசோதனை முடிவுகளையெல்லாம் பார்த்துவிட்டு, தன் பொறுப்பில் எங்கள் டாக்டருக்கு அதைக் கொடுக்க ஆரம்பித்தார். இந்த மருந்து நோயைக் குணமாக்காது. கொஞ்ச காலம் அடக்கி வைக்கும், எல்லோருக்கும் அதுவும் கிடையாது. இது எனக்குத் தெரியும். டாக்டருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரிடமிருந்து ஒரு வாரம் தகவல் இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. மூடிய திருகைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுபோல தினமும் தபால்காரரைப் பார்த்தேன். அதற்கப்புறம் காதர் பாய் மூலம் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வரவும், வரும்போது ஒரு பியூரெட் கொண்டுவரவும்.

பூசை முடிந்ததும், பியூரெட்டைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரிக்ஷாவில் வண்ணாரப்பேட்டையில் இருந்த டாக்டர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு குழியிலும் உயிர் போய் வந்தது. டாக்டர் கூடத்தில் மேசையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். அவரே தண்ணீர் நிரப்பினார். அடியில் ஒரு காலி டம்ளரை வைத்தார். சொட்டு விடப் போகிறார், எண்ண வேண்டும் என்று நான் மூச்சைச் சீராக்கிக்கொண்டேன்.

அவர் சொட்டு விடவில்லை. மூடிய திருகின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்.

அன்று சோதிக்காமல் விட்டதைச் சோதிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வேறு எங்கும் பார்க்கத் துணிவில்லாமல் கண்ணாடியின் முனையையே பார்த்தேன். கட்டைவிரல் லேசாக அசைந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அது அடங்கியது. தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் அடுத்த தெருவுக்குப் போய், அதற்கடுத்த தெருவுக்கும் போய், கேட்காமல் போயிற்று. டாக்டரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து, கதவருகே அப்படியே நின்றுவிட்டார்.

"டம்ளரைப் பாருங்க பிலோமினா. கையை விடாம என்னால குனிய முடியலை."

எழுந்து பார்த்தேன். விரலை விட்டுத் தடவியும் பார்த்தேன்.

"காஞ்சிருக்கு டாக்டர்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

"காபி ஆறிப்போகுது" என்றார் அவர் மனைவி.

"ஆறட்டும்" என்றார் டாக்டர். கையை அவர் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.